ஆள் கிடைக்காதபோது மட்டும் பிறக்கிற இயந்திரங்கள்

போன மாசம் ஒருநாள் காலமை, கம்பஸுக்குப் போற வழியில ஒரு ஒழுங்கைக்குள்ள மாட்டுப்பட்டு நிண்டம். மின்கம்பத்தில ஏதோ பழுது. வாளி பூட்டின லொறியொன்று ஒழுங்கையை மறிச்சு நிண்டது. வாளிக்குள்ள ரெண்டு பேர். தலையில ஹெல்மெட், இடுப்பில பெல்ட், கையில உறை. கீழ ஒருத்தர் நிண்டு மேல பாத்துக்கொண்டே இருந்தார். போறவாற சனம் எல்லாம் நிண்டு வேடிக்கை பாத்தது. நாங்களும்தான்.

அந்த ஒழுங்கை வேலிக்கு அங்கால, பக்கத்து வளவுக்குள்ள, ஐம்பது வயதைத் தாண்டின ஒருவர் பனையில ஏறிக்கொண்டிருந்தார். காலில தளைநார், இடுப்பில கத்திக்கூடு, முட்டி. வாளியில நிண்டவர்களைவிட அவர் நல்ல உயரத்தில இருந்தார். பெல்ட் இல்லை, ஹெல்மெட் இல்லை, கீழ நிண்டு பாக்கிற ஆளும் இல்லை. அவரை ஒருவரும் வேடிக்கை பாக்கேல்ல. பனையில ஆள் ஏறுறது எங்களுக்கு ஒரு காட்சியே இல்லை, அது வழமை.

ஒரே ஒழுங்கையில, ஒரே நேரத்தில, உயரத்தில வேலை செய்யிற ரெண்டு தரப்பு. ஒரு தரப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது. மற்றத் தரப்புக்கு ஏன் வரவில்லை? "பனைக்கு லொறி கொண்டுபோக ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது உண்மையும்தான். ஆனால் அந்தப் பதிலோடு எங்களுக்கு நிம்மதி வரவில்லை. அதனால் அந்த வாளி எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்சம் தேடிப் பார்த்தோம்.

தேடினால் கிடைத்த முதல் விசயமே வேடிக்கையானது. அந்த வாளிக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் புழங்குகிற பெயர் 'செரி பிக்கர்', அதாவது செரிப்பழம் பறிப்பது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜே ஐட்டல் என்பவர் 1944இல் ஏணியில் ஏறி இறங்கி, ஏணியைத் தூக்கித் தூக்கி மாற்றி வைத்து செரிப்பழம் பறித்து அலுத்துப்போய் யோசித்த யோசனை அது. ஆளை ஒரு வாளிக்குள் நிறுத்தி, அந்த வாளியை ஒரு நீண்ட கையால் தூக்கிவிட்டால் ஏணியே தேவையில்லைத்தானே. 1953இல் அவர் டெல்ஸ்ரா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் வாளிகளை நம்பி வாங்கியது பழத்தோட்டம் அல்ல. தொலைபேசிக் கம்பி இழுக்கிறவர்களும் தெருக்கம்பம் பார்க்கிறவர்களும்தான் பெரிய வாடிக்கையாளர். 1969இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜோன் குரோவ் தொடங்கிய ஜே.எல்.ஜி நிறுவனம், கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் தூக்குமேடைகளைச் செய்து உலகம் முழுக்க விற்றது.

பழம் பறிக்கிறவரின் களைப்பில் பிறந்த பொருள், பழம் பறிக்கிறவரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு ஆட்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. காரணம் விளங்காததில்லை. மின்சாரக் கம்பியில் வேலை செய்கிறவருக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது, பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அவர் விழுந்தால் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். பருவத்துக்குப் பருவம் தோட்டம் மாறித் திரிகிற கூலித் தொழிலாளி ஏணியில் இருந்து விழுந்தால், அடுத்தநாள் அந்த ஏணியில் வேறொருவர் நிற்பார். அவ்வளவுதான்.

சரி, தோட்டத்துக்கு இயந்திரமே வரவில்லையோ என்று கேட்டால், வந்தது. ஆனால் வேறொரு காரணத்துக்காக வந்தது. இதை விளங்கிக்கொள்ள திராட்சை நல்ல உதாரணம். எங்கட ஊரில முந்திரிகை எண்டு சொல்லுறமே, அதே பழம்தான்.

திராட்சை அறுவடை இயந்திரத்தைப் படத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். நாலு நெடுங்காலில் நிற்கிற ஒரு யானை, கொடி வரிசையைத் தன் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு நடந்துபோகிற மாதிரி இருக்கும். வயிற்றுக்குள்ளே இரண்டு பக்கமும் வளையக்கூடிய தடிகள். அவை கொடியைப் படபடவென்று உலுக்கும். பழம் உதிரும். கீழே மீன்செதிள் மாதிரி அடுக்கிய தட்டுகள் கொடியின் அடியைச் சுற்றி மூடித் திறந்து பழத்தை ஏந்தும். பட்டியில் ஏறிப் போகிற வழியில் விசிறி இலைகளை ஊதித் தள்ளும். ஒரு ஓட்டுநர், ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கர். பழம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றால் நடுச்சாமத்திலும் ஓட்டலாம்.

இது ஒருநாளில் வரவில்லை. 1950களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் திராட்சை அறிஞர் அல்பர்ட் விங்க்ளரும் பொறியியலாளர் லொயிட் லமூரியாவும் இதில் இறங்கினார்கள். நியூயோர்க் மாநிலத்தில் கோர்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நெல்சன் ஷோலிஸும் ஸ்ரான்லி ஷெப்பர்ட்சனும் அதே வேலையைச் செய்தார்கள். அங்கே ஷோலிஸ் கொடியின் வடிவத்தையே மாற்றினார். ஒரு வரிசைக் கொடியை இரண்டு திரைச்சீலையாகப் பிரித்துத் தொங்கவிடுகிற முறை அது. கொடிக்கு வெயில் கூடக் கிடைத்தது, விளைச்சலும் கூடியது, இயந்திரமும் உள்ளே நுழையக்கூடியதாக இருந்தது. 1960களின் இறுதியில் நியூயோர்க்கில் சாறு பிழிகிற கொன்கோர்ட் திராட்சைத் தோட்டங்களில் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. 1975இல் பிரான்சின் பிரோட் நிறுவனம் தன் முதல் இயந்திரத்தை இறக்கியது. இன்றைக்கு உலகத்தின் வைன் திராட்சையில் பெரும் பங்கை இப்படித்தான் உலுக்கி எடுக்கிறார்கள்.

கவனியுங்கோ. இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், பல வருட ஆராய்ச்சி, கொடியின் வடிவத்தையே மாற்றுகிற அளவுக்கு முயற்சி. இவ்வளவையும் கிளப்பியது பறிக்கிறவரின் கழுத்துவலியா? இல்லை. பறிக்க ஆள் கிடைக்காமல் போகும், கிடைத்தாலும் கூலி கூடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. மெக்சிக்கோவில் இருந்து மலிவான கூலிக்கு ஆள் கொண்டுவந்த பிரசேரோ ஒப்பந்தம் 1964 முடிவோடு நின்றுபோனது. அடுத்த வருடம், 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி, கலிபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பீனோத் தொழிலாளர்கள் லாரி இற்லியோங் தலைமையில் திராட்சைத் தோட்டத்தை விட்டு வெளியேறினார்கள். கேட்டது மணித்தியாலத்துக்கு 1 டொலர் 40 சதம். சில நாட்களில் சீசர் சாவேஸின் சங்கமும் சேர்ந்தது. திராட்சை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்து, 1970இல்தான் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஐந்து வருடங்களும் இயந்திரம் வளர்ந்த வருடங்களும் ஒரே காலம்தான்.

தக்காளிக்கு இன்னும் வேகமாக நடந்தது. டேவிஸில் ஜக் ஹன்னா இயந்திரத்தின் அடியைத் தாங்கக்கூடிய கெட்டியான தக்காளியை உருவாக்க, கோபி லோரன்சன் அதற்கேற்ற இயந்திரத்தைச் செய்தார். 1960களின் தொடக்கத்தில் கையால் பறித்த தொழிற்சாலைத் தக்காளி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய முழுதும் இயந்திரத்துக்குப் போனது. வேலை போனவர்கள் பக்கம் நின்ற சட்ட உதவி அமைப்பு ஒன்று 1979இல் பல்கலைக்கழகத்துக்கு எதிராக வழக்கே போட்டது. பொதுமக்களின் காசில் நடக்கிற ஆராய்ச்சி பெரிய முதலாளிகளுக்கு மட்டும் உதவலாமோ என்பதுதான் அவர்களின் கேள்வி. எங்களுக்கும் பிடித்த கேள்வி அது.

இதை வாசிச்சிட்டு "அப்ப நீங்கள் இயந்திரத்துக்கு எதிரோ?" எண்டு கேக்காதேங்கோ. கையால் பறிக்கிறது புனிதம் என்று நாங்கள் நினைக்கவில்லை. பிரான்சின் ஷம்பேன் பிரதேசத்தில் குலை குலையாகப் பறித்து முழுதாகப் பிழிய வேண்டும் என்பது விதி. அதனால் அங்கே அறுவடை இயந்திரத்துக்கு இடமில்லை. போத்தலில் அதைப் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். 2023 செப்டெம்பரில் அந்தப் பிரதேசத்தில் கடும் வெயிலுக்கு நடுவில் அறுவடை நடந்தபோது தொழிலாளர்கள் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் தொழிலாளர்களைக் கேவலமான இடத்தில் தங்கவைத்துச் சுரண்டியதற்காக, ஆட்கடத்தல் குற்றத்தில் 2025இல் நீதிமன்றம் தண்டனையும் கொடுத்தது. 'கையால் பறித்தது' என்ற அழகான வசனத்துக்குப் பின்னால் எந்தக் கை என்று யாரும் எழுதுவதில்லை.

எங்கட கேள்வி வேறு. ஒரு வேலை முதலாளிக்குக் கஷ்டமாகும்போது அறிவு, காசு, பல்கலைக்கழகம் எல்லாம் ஓடி வருகிறது. அதே வேலை செய்கிறவருக்குக் கஷ்டமாக இருந்த நூறு வருடமும் அவை எங்கே இருந்தன?

இதற்கு கலிபோர்னியாவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அங்கே சலாது இலையும் பீற்றும் களை எடுக்க ஒரு குட்டைப் பிடி மண்வெட்டியைக் கொடுத்து வேலை வாங்கினார்கள். ஒரு முழத்துக்கும் குறைந்த பிடி. நாள் முழுக்க இரண்டாக மடிந்து நின்றால்தான் அதைப் பிடிக்கலாம். நீளப் பிடி கொடுத்தால் பயிர் பழுதாகும் என்பது தோட்டக்காரரின் வாதம். குனியாமல் நிற்கிற ஆள் வேலை செய்யவில்லை என்று தூரத்தில் இருந்தே கண்டுபிடிக்கலாம் என்பதும் ஒரு வசதி. முதுகெலும்பு போன தொழிலாளர்கள் வழக்காடி, 1975இல்தான் அந்த மண்வெட்டி அங்கே தடைசெய்யப்பட்டது. நீளப் பிடி மண்வெட்டியைக் கண்டுபிடிக்க ஒரு விஞ்ஞானியும் தேவைப்படவில்லை. மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கிய காலம் தொட்டு அது இருக்கிறது. தக்காளிக்குப் புது இனத்தையே உருவாக்கிய மாநிலத்தில், ஒரு தடியை நீட்டுவதற்கு நீதிமன்றம் வரை போகவேண்டி இருந்தது.

இன்னொன்று, இது நல்ல செய்தி. கலிபோர்னியாவின் வைன் திராட்சைத் தோட்டங்களில் பறிக்கிறவர்கள் நிரப்பித் தூக்குகிற தொட்டி 25 கிலோவுக்கு மேல் பாரம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழிலாளரோடு சேர்ந்து, அதைவிடக் கொஞ்சம் சின்னத் தொட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முதுகுவலியும் மூட்டுவலியும் நன்றாகக் குறைந்தன. பறிக்கிற அளவு பெரிதாகக் குறையவில்லை. இயந்திரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஒரு பிளாஸ்ரிக் தொட்டியின் அளவுதான் மாறியது. கேட்கிற கேள்வி 'எப்படி ஆளைக் குறைக்கலாம்' என்பதில் இருந்து 'எப்படி ஆளின் வலியைக் குறைக்கலாம்' என்று மாறினால், விடை சிலவேளை இவ்வளவு மலிவாகவே கிடைத்துவிடுகிறது.

இனி எங்கட பக்கம் வருவம். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீரை நம்பி முந்திரிகை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கூடுதலாகக் காண்பது 'இஸ்ரேல் புளூ' என்ற கறுப்பினம். தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, தலைக்கு மேலே குலை தொங்கும். அந்த யானை இயந்திரத்துக்கு இங்கே வேலையில்லை. அது கொடி வரிசைக்கானது, எங்களுடையது பந்தல். அதோடு அது பழத்தை உதிர்க்கும். சாப்பாட்டுக்கு விற்கிற பழம் குலையாக, காயப்படாமல் வேண்டும். இதனால்தான் கலிபோர்னியாவிலும் மகாராஷ்டிராவின் நாசிக்கிலும்கூட சாப்பாட்டுத் திராட்சையைக் கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறார்கள். பந்தலுக்குக் கீழே அரை மணித்தியாலம் கையைத் தூக்கி, தலையை நிமிர்த்திக் குலை வெட்டிப் பாருங்கோ. கழுத்தும் தோளும் என்ன சொல்லுது எண்டு விளங்கும். பந்தலின் உயரத்தை ஆருடைய உயரத்துக்கு அளந்து போட்டது? வெட்டுகிறது பெண்கள் என்றால் அவர்களுடைய உயரத்தைக் கேட்டார்களா? குலையை வைக்கிற பெட்டி நிலத்தில் இருக்கிறதா, இடுப்பளவில் இருக்கிறதா? இவை சின்னக் கேள்விகள். ஒரு தச்சரும் ஒரு வெல்டிங் கடையும் தீர்க்கக்கூடியவை.

பனை அப்படிச் சின்னக் கேள்வி இல்லை. சீவல் தொழிலாளி ஒருவர் பருவத்தில் காலமையும் பின்னேரமும் மரம் ஏற வேண்டும். பாளையைச் சீவாமல் விட்டால் பாளை பழுது. ஒரு மரம் இல்லை, பல மரம். மழை பெய்து வழுக்கினாலும் ஏற வேண்டும். நாங்கள் பனையைக் 'கற்பகதரு' என்று மேடையில் புகழுகிறோம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினோம், பரிசும் வாங்கினோம். அந்த மரத்தில் ஏறுகிறவரின் தொழிலை மட்டும் ஏச்சுச் சொல்லாக வைத்திருக்கிறோம். படிக்காட்டி மரம் ஏறத்தான் போவாய் என்று பிள்ளையை வெருட்டாத வீடு எத்தனை? ஒரு தொழிலைச் சாதியோடு கட்டி, அந்தச் சாதியைப் பிறப்பால் கட்டி, "அவைக்கு அது பழக்கம், அவை விழாயினம்" என்று நம்பிக்கொண்டால், அந்தத் தொழிலுக்கு ஏன் ஒருவர் கருவி கண்டுபிடிக்கப் போகிறார்? பழக்கம் என்ற சொல்லே இங்கே பாதுகாப்புப் பெல்ட்டாக இருந்திருக்கிறது. அந்தப் பெல்ட் ஒருவரையும் பிடிக்கவில்லை.

இப்ப நிலமை மாறுது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கினம், வேறு தொழிலுக்குப் போகினம். போகத்தான் வேணும். உடனே எல்லா இடமும் ஒரு புலம்பல் கேட்கிறது: "மரம் ஏற ஆளில்லை, ஒரு மெஷின் கண்டுபிடிக்க வேணும்." தேங்காய் பிடுங்க ஆளில்லை என்பதும் அதே புலம்பல்தான். ஆள் இருந்த காலத்தில், அந்த ஆள் விழுந்து இடுப்பு முறிந்து கிடந்த காலத்தில், இந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லையே.

கேரளத்திலும் ஆள் தட்டுப்பாடு வந்த பிறகுதான் வழி தேடினார்கள். ஆனால் அங்கே செய்த விதத்தில் படிக்க இருக்கிறது. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்ற விவசாயி, தென்னை ஏறுகிற ஒரு கருவியைச் செய்தார். இரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றும் கம்பி வடத்தால் மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். ஒன்றில் பாரத்தை வைத்துக்கொண்டு மற்றதை மேலே நகர்த்தி, நடக்கிற மாதிரி ஏறலாம். 2011இல் இந்தியத் தென்னை அபிவிருத்திச் சபை 'தென்னையின் நண்பர்கள்' என்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கி, இந்தக் கருவியில் இளைஞர்களைப் பழக்கியது. காப்புறுதியும் கொடுத்தது. பெண்களும் வந்து பழகி மரம் ஏறினார்கள். ஒரு சாதியின் வேலை என்று இருந்தது, பயிற்சி எடுத்த எவரும் செய்யக்கூடிய வேலையாகத் தெரியத் தொடங்கியது. இதைத்தான் நாங்கள் பெரிசாப் பாக்கிறம்.

அந்தக் கருவியை அப்படியே வாங்கி வந்து பனையில் பூட்டலாம் என்று சொல்லவில்லை. பனையின் அடி பெருத்தும் நடு ஒடுங்கியும் இருக்கும், தோல் சொரசொரப்பு, மேலே காய்ந்த மட்டை. சீவல் தொழிலாளி மரத்துக்கு மரம் தாவ வேண்டியவர். ஒவ்வொரு மரத்திலும் கருவியைப் பூட்டிக் கழட்டினால் அவருடைய காலமை முடிந்துவிடும், வருமானமும் குறைந்துவிடும். "உது வேண்டாம், எனக்குத் தளைநாரே காணும்" என்று அவர் சொன்னால் அது அறியாமை இல்லை. அவர் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார். அந்தக் கணக்கைக் கேட்காமல் செய்கிற எந்தக் கருவியும் கண்காட்சியில் படம் எடுக்கத்தான் உதவும்.

அதனால் எங்கட நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லுறம்.

முதலாவது, ஏறுகிறவரிடம் முதலில் கேளுங்கள். எங்கட பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு இறுதியாண்டுத் திட்டத்துக்கு ரெண்டு சீவல் தொழிலாளரை ஆலோசகராகக் கூப்பிட்டு, அவர்களின் நேரத்துக்கு உரிய காசும் கொடுத்தால் என்ன? கலைப்பீடத்துக்காரரான நாங்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. விழுந்தவர்களின் கதையைக் கேட்டுப் பதிவது எங்களால் முடியும். எத்தனை பேர் விழுந்தார்கள், எப்படி விழுந்தார்கள் என்று தெரியாமல் எதற்குக் கருவி செய்வது?

இரண்டாவது, இயந்திரம் வரும்வரை பாதுகாப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு இரண்டாவது கயிறு, இடுப்புப் பட்டி, காப்புறுதி, விழுந்தால் குடும்பத்துக்கு நட்டஈடு. இவை நீளப் பிடி மண்வெட்டி மாதிரி. கண்டுபிடிக்கத் தேவையில்லை, கொடுத்தால் போதும்.

மூன்றாவது, கருவி ஆருக்குச் சொந்தம் என்பதை முதலே பேச வேண்டும். காணிக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு கூலியைக் குறைக்கிற கருவி ஒன்று. தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கம் வாங்கி, உறுப்பினர் மாறி மாறிப் பாவிக்கிற கருவி வேறொன்று. இரும்பு ஒன்றாக இருக்கலாம், வருமானம் போய்ச்சேருகிற இடம் வேறு. பனை தென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் எங்களிடம் 1970களில் இருந்தே இருக்கின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியதில்லை.

"இதுக்கெல்லாம் காசுக்கு எங்க போறது" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வாளி லொறிக்கும் காசு வேண்டியிருந்தது. ஒரு ஒழுங்கையில் ஒரு மின்குமிழ் மாற்றுவதற்கு அதைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். அது சரிதான், மின்கம்பத்தில் ஏறுகிற தொழிலாளியின் உயிருக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். அதே மதிப்பு வேலிக்கு அங்கால நிண்டவருக்கும் வேணும் எண்டுதான் கேக்கிறம்.

அண்டைக்கு லொறி போன பிறகு நாங்களும் வெளிக்கிட்டம். அவர் மரத்தால இறங்கி, முட்டியை வேலியோரம் வைச்சிட்டு, அடுத்த பனைக்குத் தளைநாரை மாத்திக்கொண்டிருந்தார். அவரோட ஒரு வார்த்தை கதைக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்ப தோன்றவில்லை. இந்தக் கட்டுரையை அவரிடம் கேட்காமலே எழுதிவிட்டோம் என்பதும் எங்கட பிழைதான். வாற கிழமை அந்த ஒழுங்கையால போறம். இந்தமுறை நிண்டு கதைக்கப் போறம்.